நசுங்க வேண்டியது நசுங்கியது

விருதுநகர் போய்ச் சரக்குப் பார்த்துவிட்டு மதுரை திரும்புவது எங்கள் கடைக்குப் புதிதல்ல. துவரம் பருப்பு, வற்றல், மல்லி, நல்லெண்ணெய் என்று எதை எடுத்தாலும், அந்த ஊர் விலையைக் கேட்காமல் கீழமாசி வீதியில் விலை சொல்ல முடியாது என்றிருந்த காலத்திலிருந்து அந்தச் சாலையில் போய் வருகிறோம். முதலில் பஸ்ஸில் போனோம். பிறகு லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். கடைசியில் சொந்தக் கார் வந்தது. இத்தனை ஆண்டுகளில் அந்தச் சாலையில் எத்தனையோ விபத்துகளைப் பார்த்து, 'ஐயோ பாவம்' என்று சொல்லிக் கடந்து போயிருக்கிறோம். 2022ஆம் ஆண்டு, ஆடிப்பெருக்கு கழிந்த மறு வாரம் புதன்கிழமை, பிறர் எங்களைப் பார்த்து அப்படிச் சொல்லும் நிலை வந்தது.

காரில் மூன்று பேர். ஓட்டுநர், அவருக்குப் பக்கத்தில் இதை எழுதும் நாம், பின் இருக்கையில் எங்கள் மைத்துனர். அவர் கடையில் பங்காளியும்கூட. பின் இருக்கையின் நடுவே 15 கிலோ நல்லெண்ணெய் டின் ஒன்று இருந்தது. டிக்கியில் வைத்தால் கசிந்து நாற்றம் பிடிக்கும் என்று அங்கே வைத்தோம். கிளம்பும்போது ஓட்டுநர், "முதலாளி, அண்ணாச்சியையும் பெல்ட்டுப் போடச் சொல்லுங்க" என்றார். மைத்துனர் சிரித்தார். "பின்னால எதுக்குப்பா? நான் என்ன ஏரோப்ளேன்லயா போறேன்?" என்றார். நாமும், "விடுப்பா, ஐம்பது கிலோமீட்டர்தானே" என்று சொல்லிவிட்டோம். அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமானால் ஒரு லோடு பருப்பைக் கொடுத்தாவது எடுத்துக்கொள்வோம்.

கள்ளிக்குடி தாண்டி, திருமங்கலம் வருவதற்கு முன், வெளிச்சம் மங்கும் நேரம். நான்கு வழிச்சாலையில் எங்கள் தடத்திலேயே, எதிர்த் திசையில், புல்லுக்கட்டு ஏற்றிய மோட்டார் சைக்கிள் ஒன்று வந்தது. ஓட்டுநர் பிரேக்கை அழுத்தி இடதுபுறம் ஒடித்தார். மோட்டார் சைக்கிள்காரர் தப்பினார். எங்கள் கார் ஓரத்துச் சிறுபாலத்தின் சிமெண்டுச் சுவரில் இடது பாதி முகப்பால் மோதியது. பிரேக் பிடித்த பிறகும் வேகம் அறுபதுக்குக் குறைந்திருக்காது என்பது ஓட்டுநர் கணக்கு.

கதவு திறந்தது

மோதிய சத்தத்தைவிட அதற்குப் பின் வந்த அமைதிதான் நினைவில் நிற்கிறது. முகத்துக்கு முன்னால் வெள்ளைத் துணிப்பை சுருங்கிக் கிடந்தது. காருக்குள் புகை போல மாவு பறந்தது. தீபாவளி வெடி வாசம் அடித்தது. தீப்பிடித்துவிட்டது என்றே நினைத்தோம். அது காற்றுப்பை வெடித்து விரிந்த தூசு என்பது பிறகு தெரிந்தது. பயத்தில் கதவுக் கைப்பிடியை இழுத்தோம். கதவு திறந்தது. முகப்பு முழுவதும் சுவரில் ஒட்டிக் கிடக்க, சுவருக்கு ஒரு கஜ தூரத்தில் இருந்த கதவு, காலையில் கடை வாசலில் திறந்தது போலவே திறந்தது.

நமக்குத் தோளிலிருந்து இடுப்பு வரை பெல்ட் பதிந்த கன்றல், இடது முழங்காலில் சிராய்ப்பு. அவ்வளவுதான். ஓட்டுநருக்கு முதுகில் பலத்த அடி. அந்த அடியைக் கொடுத்தது சுவரல்ல, பின்னால் இருந்த மைத்துனர். பெல்ட் இல்லாமல் அவர் பறந்து வந்து ஓட்டுநர் இருக்கையை முட்டியதில் இருக்கையே முன்னால் வளைந்துவிட்டது. மைத்துனருக்குக் காறை எலும்பு முறிவு, விலா எலும்பு நான்கு, இடுப்பு மூட்டு நழுவல். எண்ணெய் டின் முன் இருக்கைகள் இரண்டுக்கும் நடுவே பாய்ந்து, கியர் பெட்டியின் மூடியை உடைத்து, டேஷ்போர்டில் புதைந்து நின்றது. அரை அடி விலகியிருந்தால் நம் பிடரியிலோ ஓட்டுநர் பிடரியிலோ இறங்கியிருக்கும்.

டீக்கடையில் நின்றவர்கள் ஓடி வந்தார்கள். 108 வந்தது. 2021 டிசம்பர் 18ஆம் தேதி மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் அரசு செலவில் தருகிறார்கள். கையில் பணம் இருக்கிறதா என்று கேட்காமல் மைத்துனரை உள்ளே கொண்டு போனார்கள் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். மூன்று மாதம் படுக்கை. அந்தத் தீபாவளி சீசனுக்கு அவர் கடைக்கு வரவில்லை. இன்றும் மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார்.

ஒரே கார், ஒரே மோதல், மூன்று பேர். இருவர் மறு வாரமே கடைக்கு வந்தோம். ஒருவர் மூன்று மாதம் படுத்தார். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கத் தொடங்கியதில் நாம் அறிந்துகொண்டதை நம் வணிகர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

சர்வேயர் காட்டியது

பத்து நாள் கழித்து இன்சூரன்ஸ் சர்வேயரோடு காரைப் பார்க்கப் போனோம். முகப்பு முக்கால் பங்கு இல்லை. பார்த்தவுடன் நமக்குக் கோபம்தான் வந்தது. "என்ன தகரம் போட்டுக் கட்டியிருக்கிறான்! அப்பளம் மாதிரி நொறுங்கியிருக்கே" என்றோம். சர்வேயர் வயதில் இளையவர். பானெட்டுக்குக் கீழே விரல் நீட்டி, "நொறுங்கவில்லை ஐயா, மடிந்திருக்கிறது. பாருங்கள்" என்றார். எஞ்சினுக்கு இரு புறமும் முன்னோக்கி நீளும் இரும்புச் சட்டங்கள் ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக மடிந்திருந்தன. இடது பக்கம் அதிகம், வலது பக்கம் குறைவு. அந்த மடிப்பு, முன் கண்ணாடி தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் தரை வளையவில்லை, கதவுத் தூண் சாயவில்லை, கூரை மடங்கவில்லை. "எங்கே மடிய வேண்டும், எங்கே மடியக்கூடாது என்று முன்கூட்டியே தீர்மானித்துக் கட்டியது" என்றார்.

பழுது பார்க்கும் செலவு, பாலிசியில் குறித்த வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு என்று எழுதிவிடுவார்கள். எங்கள் காருக்கு அப்படியே எழுதினார்கள்.

இந்தக் காரை வாங்கிய கதையையும் இங்கே சொல்லிவிடுகிறோம். 2020இல் கார் வாங்கப் போனபோது நாம் கேட்டது மைலேஜ், ஏசி, பின்னால் எத்தனை மூட்டை ஏற்றலாம், விற்றால் என்ன விலை போகும் என்பவைதான். மகன்தான் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். நாம் பார்த்து வைத்ததைவிட அறுபத்தைந்தாயிரம் கூடுதல். "அந்தக் காசுக்குப் பதினாலு மூட்டை துவரம் பருப்பு வாங்கிப் போடலாம்" என்று ஷோரூமிலேயே சத்தம் போட்டோம். என்ன கார் என்று கேட்பவர்களுக்கு நேரில் சொல்கிறோம். இங்கே எழுதினால் விளம்பரம் ஆகிவிடும்.

ஒரு புளியமரம்

கனத்த இரும்புதான் பாதுகாப்பு என்ற எண்ணம் நம் தலைமுறைக்கு எலும்பில் ஊறியது. காரை வாங்குமுன் கதவைத் தட்டிப் பார்ப்போம். 'டொப்' என்று சத்தம் வந்தால் நல்ல வண்டி, 'டங்' என்றால் தகர வண்டி. ஆனால் எங்கள் குடும்பத்திலேயே அந்த எண்ணத்துக்கு எதிரான சாட்சி ஒன்று முப்பத்தாறு ஆண்டுகளாகக் கண்ணெதிரே இருந்தும் நாங்கள் படிக்கத் தவறிவிட்டோம்.

1986இல் எங்கள் சித்தப்பா திண்டுக்கல்லிலிருந்து திரும்பும்போது, வாடிப்பட்டிப் பக்கம், சாலையோரப் புளியமரத்தில் கார் மோதியது. அந்தக் காலத்துக் கனத்த கார். பம்பர் வளைந்தது, ரேடியேட்டர் உடைந்தது, ஒரு விளக்கு போயிற்று. பட்டறையில் பதினைந்தே நாளில் சரி செய்துவிட்டார்கள். அதற்குப் பின் ஒன்பது ஆண்டுகள் அந்தக் கார் எங்கள் வீட்டில் ஓடியது. சித்தப்பா அந்த இடத்திலேயே போய்விட்டார். ஸ்டீயரிங் தண்டு நெஞ்சில் இறங்கிவிட்டது. 'வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை பார், எவ்வளவு கெட்டி!' என்று துக்கத்துக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். நாங்களும் அதை ஒரு பெருமையாகவே கேட்டோம். விதி என்று அழுது முடித்தோம்.

விதி ஒரு பக்கம் இருக்கட்டும். வண்டி நசுங்காததால்தான் சித்தப்பா நசுங்கினார் என்பது சர்வேயர் விரல் நீட்டிக் காட்டிய அன்றுதான் நமக்குப் புரிந்தது.

வைக்கோலும் பாட்டிலும்

இதை நம் வணிகர்களுக்கு விளக்க இன்ஜினியர் தேவையில்லை. கண்ணாடிப் பாட்டிலை வெறும் மரப்பெட்டியில் அடுக்கி லாரியில் ஏற்றினால், பெட்டி உடையாது, பாட்டில் உடையும். நடுவே வைக்கோல் திணித்தால் வைக்கோல் நசுங்கும், பாட்டில் பிழைக்கும். வைக்கோலைத் திணிப்பதே நசுங்குவதற்காகத்தான். நசுங்கிய வைக்கோலைப் பார்த்து, 'மட்டமான வைக்கோல்' என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் வெறும் வைக்கோல் மூட்டைக்குள் பாட்டிலை வைத்தாலும் பயனில்லை; மேலே சரக்கு ஏறினால் தீர்ந்தது. வெளியே கெட்டியான பெட்டி, உள்ளே நசுங்கும் வைக்கோல், இரண்டும் வேண்டும். காரில் இது இடம் மாறியிருக்கிறது. ஆள் இருக்கும் கூடு கெட்டியான பெட்டி; முன்னும் பின்னும் இருப்பவை வைக்கோல்.

இந்த யோசனைக்குச் சொந்தக்காரர் பேலா பரேனி என்ற இன்ஜினியர். மெர்சிடிஸ் கம்பெனியில் இருந்தவர். 1951இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1959இல் இந்த முறையில் கட்டிய கார் விற்பனைக்கு வந்தது. அதே 1959இல்தான் வால்வோ கம்பெனியின் நில்ஸ் போலின், தோளிலும் இடுப்பிலுமாக மூன்று இடத்தில் பிடிக்கும் இன்றைய சீட் பெல்ட்டைக் கொண்டுவந்தார். அந்தக் காப்புரிமையை வால்வோ தனக்கென்று பூட்டி வைக்காமல் மற்ற கம்பெனிகளும் பயன்படுத்த விட்டுவிட்டது. வியாபாரிகளான நாம் இதற்கு ஒரு கும்பிடு போடலாம்.

மகன் கடைப் பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான். 64 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுவது, 16 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஐந்து மாடிக் கட்டிடத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். முகப்பு 10 சென்டிமீட்டர் மட்டுமே நசுங்கி வண்டி நின்றால், உள்ளே கட்டுண்டு இருப்பவர் உடம்பின் மேல் அவருடைய எடையைப் போல் சுமார் 160 மடங்கு பாரம் விழுகிறது. 65 கிலோ ஆளுக்கு அது பத்து டன்; ஒரு லாரி லோடு. அதே முகப்பு 60 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால் பாரம் 27 மடங்காகக் குறைகிறது; பதினேழரைக் குவிண்டால். இது சராசரிக் கணக்குதான். அதுவும் பெரிய பாரமே என்றாலும், நெஞ்சிலும் இடுப்பு எலும்பிலும் பட்டையாகப் பரவி, கண் இமைக்கும் நேரத்துக்கு மட்டும் விழுவதால் மனிதன் தாங்கிக்கொள்கிறான். அந்த அரை மீட்டர் தகரத்துக்குத்தான் நாம் அறுபத்தைந்தாயிரம் கொடுத்திருக்கிறோம். வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்காகும் என்பதையும் அதே பில்லில் எழுதினான்.

பழைய கனத்த கார் சிறந்ததா, புதிய கார் சிறந்ததா என்ற பட்டிமன்றத்துக்கு அமெரிக்காவில் 2009இல் நேரடியாகவே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அங்கே இன்சூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று, தன் ஐம்பதாவது ஆண்டுக்காக, 1959ஆம் வருடத்துச் செவ்ரோலே பெல் ஏர் காரையும் 2009ஆம் வருடத்துச் செவ்ரோலே மாலிபு காரையும் நேருக்கு நேர், முகப்பின் ஒரு பக்கம் மோதும்படி விட்டது. இரண்டும் 64 கி.மீ. வேகம். பழைய கார் பார்வைக்கு யானை. மோதிய பின் அதன் ஓட்டுநர் கூடு மடங்கி, உள்ளே இருந்த பொம்மை பிழைக்க வழியில்லாமல் போயிற்று. புதிய காரின் கூடு நின்றது. அதிலிருந்த பொம்மைக்குக் காலில் காயம் என்ற அளவோடு போயிற்று. நம் ஊர் அம்பாசிடர் 1950களின் ஆங்கிலேய மோரிஸ் ஆக்ஸ்போர்டு வடிவத்தில் பிறந்து, 2014 வரை உத்தர்பாராவில் தயாரானது. அதன் மேல் நமக்கு இன்றும் அன்பு உண்டு. ஆனால் அன்பு வேறு, கணக்கு வேறு.

நம் நாட்டில் இந்தக் கணக்கு தாமதமாகத்தான் தொடங்கியது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் அதிகம் விற்ற ஐந்து சிறிய கார்களின் குறைந்த விலை மாடல்களை மோதவிட்டுப் பார்த்தது. பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்யம். அவற்றில் ஒன்று, இரண்டு காற்றுப்பை பொருத்திய மாடலாக மோதியபோது நான்கு நட்சத்திரம் வாங்கியது. ஆக, விலையைக் குறைக்க எதைக் கழற்றினார்கள் என்பது தெரிந்துபோயிற்று. 2017 அக்டோபரிலிருந்து புது மாடல் கார்களுக்கும், 2019 அக்டோபரிலிருந்து எல்லாக் கார்களுக்கும் மோதல் சோதனை சட்டப்படி வந்தது. ஓட்டுநருக்குக் காற்றுப்பை 2019 ஜூலையிலும், பக்கத்தில் இருப்பவருக்கு 2021இலும் கட்டாயமாயிற்று. நம் மளிகைக் கடைகளின் செல்லப்பிள்ளையாக இருந்த ஆம்னி வேனின் தயாரிப்பு 2019இல் நின்றதும் இந்த விதிகளை ஒட்டித்தான். இடையே 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான், 2020 ஜனவரியில் டாடா ஆல்ட்ராஸ், மஹிந்திரா எக்ஸ்யுவி 300 ஆகியவை ஐந்து நட்சத்திரம் பெற்றன. இந்தியாவில் இந்தியர் கட்டிய வண்டியாலும் முடியும் என்று தெரிந்தது. 2023 அக்டோபர் 1 முதல் பாரத் என்கேப் என்ற நம் நாட்டுச் சோதனையே நடக்கிறது. சென்னைக்கு அருகே ஒரகடத்திலும் கார்களை மோதவிட்டுப் பார்க்கும் கூடம் இருக்கிறது. கார் வாங்கப் போகும் நண்பர்கள் மைலேஜ் கேட்கும் அதே வாயால், 'எத்தனை நட்சத்திரம்? நான் வாங்கும் இந்த மாடலுக்கா, மேல் மாடலுக்கா?' என்றும் கேட்க வேண்டும்.

பின் இருக்கை

எங்கள் மைத்துனர் கட்டுப்போட்டுப் படுத்திருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. 2022 செப்டம்பர் 4ஆம் தேதி, டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி, குஜராத்திலிருந்து மும்பை திரும்பும் வழியில், பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றுப் பாலத்தில் நடந்த கார் விபத்தில் இறந்தார். கார் மெர்சிடிஸ். காசு கொடுத்து வாங்கக்கூடிய நல்ல கட்டுமானம் அது. முன் இருக்கையில் இருந்த இருவர் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பின் இருக்கையில் இருந்த மிஸ்திரியும் இன்னொருவரும் பிழைக்கவில்லை. பின்னால் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீசார் சொன்னார்கள். மைத்துனர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அன்று வெகுநேரம் யாரோடும் பேசவில்லை.

காரணம் எளிது. முகப்பு நசுங்கி வண்டியை மெல்ல நிறுத்துகிறது. ஆனால் அந்த 'மெல்ல' என்பது வண்டியோடு கட்டப்பட்டவருக்கு மட்டும்தான். கட்டாதவர், வண்டி நின்ற பிறகும் அதே அறுபது கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டே இருக்கிறார். அவருக்கு முகப்பு நசுங்கியதால் ஒரு காசு லாபமும் இல்லை. பெட்டிக்குள் வைக்கோல் திணித்துவிட்டு, பாட்டிலை மட்டும் வைக்கோலுக்கு மேலே வைத்த கதை. முன்னால் இருப்பவருக்கும் கேடு என்பதற்கு எங்கள் ஓட்டுநரின் முதுகு சாட்சி. பின் இருக்கைக்கும் பெல்ட் உண்டு என்பது மோட்டார் வாகன விதிகளில் முன்பே இருக்கிறது. போடாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய். காற்றுப்பையை நம்பி பெல்ட்டை விடுவதும் தவறு. அது பெல்ட்டுக்குத் துணைதானே தவிர, மாற்றல்ல.

இன்னொன்று. நம்மில் பலர் புதுக் கார் வாங்கியதும் முதல் வேலையாகப் பம்பருக்கு முன்னால் இரும்புக் குழாய் வைத்துத் தடுப்புக் கட்டுகிறோம். வண்டிக்குக் கீறல் விழக்கூடாதாம். அந்தக் குழாயை நேராக அடிச்சட்டத்தில் முடுக்குவதால், மடிய வேண்டிய சட்டம் மடியாமல் போகும். காற்றுப்பைக்கு மோதலை அறிவிக்கும் கருவியும் ஏமாந்து போகும். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இதைச் சட்டவிரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. எங்கள் பழைய காரில் நாங்களும் கட்டியிருந்தோம், கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டோம்.

கடை வண்டி

இதுவரை எழுதியது முதலாளி போகும் காரைப் பற்றி. விபத்துக்குப் பின் ஒரு நாள் காலையில், டெலிவரிக்குக் கிளம்பிய எங்கள் கடை வண்டிகளைப் பார்த்தபோது வயிற்றில் புளியைக் கரைத்தது. ஒன்று, 'குட்டி யானை' என்று நாம் செல்லமாகச் சொல்லும் வகைச் சிறு சரக்கு வண்டி. மற்றது மூடிய பழைய வேன். இரண்டிலும் முகப்பு என்பதே கிடையாது. ஓட்டும் பையனின் முழங்காலுக்கு முன்னால் ஒரு தகடு, அதற்கு முன்னால் சாலை. நட்சத்திரம் போடும் சோதனை பயணிகள் காருக்குத்தான். சரக்கு வண்டிக்கு இல்லை. நாம் ஐந்து நட்சத்திரத்தில் போகிறோம், நமக்குச் சோறு போடும் பையன்கள் தகரத்துக்குப் பின்னால் போகிறார்கள்.

வேனில் இன்னும் மோசம். ஓட்டுநர் இருக்கைக்கு ஒரு சாண் பின்னால் கூரை வரை சரக்கு. மேலே சொன்ன 27 மடங்குக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். 15 கிலோ எண்ணெய் டின் நான்கு குவிண்டாலாகும். 50 கிலோ மூட்டை ஒன்று பதின்மூன்றரைக் குவிண்டாலாக முதுகில் இறங்கும். அதுபோல இருபது மூட்டை!

எல்லோரும் உடனே புது வண்டி வாங்க முடியாது, நாங்களும் வாங்கவில்லை. செய்ததைச் சொல்கிறோம். வேனில் இருக்கைக்கும் சரக்குக்கும் நடுவே, தரையிலும் இரு பக்கத் தூண்களிலும் போல்ட் போட்டு, கம்பி வலைத் தடுப்பு ஒன்று வைத்தோம். கனமான மூட்டைகளைக் கீழே, தடுப்பை ஒட்டி இடைவெளியில்லாமல் அடுக்குகிறோம். இடைவெளி விட்டால் சரக்கு ஓடிவந்து மோதும். டின்களைத் தனியாகப் போடாமல் மூட்டைகளுக்குப் பின்னால் கயிறு போட்டுக் கட்டுகிறோம். சிறு வண்டியில் அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றுவதை நிறுத்தினோம். இரண்டு நடை போகும் இடத்தில் மூன்று நடை போகிறது. டீசல் செலவு கூடியது உண்மை. கூடுதல் பாரத்துக்கு 2019 சட்டத் திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது என்பதை நினைத்தால் அந்தச் செலவு பெரிதாகத் தெரியவில்லை. பெல்ட் போடாமல் கிளம்பினால் அன்றைய பேட்டா கிடையாது என்றதற்குப் பையன்கள் முதலில் முணுமுணுத்தார்கள். எங்கள் ஓட்டுநர் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டியதோடு அது நின்றது. பாலிசியில் சம்பள ஓட்டுநருக்கும் சுமை தூக்கும் ஆளுக்குமான பொறுப்பு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தபோது, எங்கள் பாலிசி ஒன்றில் அது விட்டுப்போயிருந்தது. சேர்க்க ஆன தொகை மிகச் சிறியது. நம் நண்பர்களும் தத்தம் பாலிசியை எடுத்து ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

எத்தனை நட்சத்திர வண்டியானாலும் உதவாத இடம் ஒன்று இருக்கிறது. இரவில் சாலையோரம் விளக்கில்லாமல் நிற்கும் லாரியின் பின்புறம்தான் அது. கார் அதில் மோதினால் பம்பரும் மடியும் சட்டமும் லாரிக்கு அடியில் புகுந்துவிடுகின்றன. லாரியின் படுகை நேராக முன் கண்ணாடிக்கு வருகிறது. நசுங்க வேண்டிய பாகத்துக்கு வேலையே இல்லாமல், கூடுதான் முதல் அடியை வாங்குகிறது. அதற்காகத்தான் லாரியின் பின்னால் தாழ்வான இரும்புக் குறுக்குச்சட்டமும், இரவில் மின்னும் ஒட்டுத்தாளும் வைக்கச் சொல்கிறார்கள். நம் சரக்கு ஏற்றிய லாரிகள்தான் அப்படி நிற்கின்றன என்பதை மறுக்க முடியாது. லாரி செட்டில் சரக்குப் புக் செய்யும்போது வாடகை பேசுவதோடு, வண்டியின் பின்பக்கம் போய் ஒரு பார்வை பார்த்தால் குறைந்துவிட மாட்டோம். நாங்கள் பார்க்கிறோம். குறுக்குச்சட்டம் வளைந்து தொங்கிய வண்டி ஒன்றில் போன மாதம் லோடு ஏற்ற மறுத்தோம். புரோக்கருக்கு நம் மேல் கொஞ்சம் வருத்தம்.

கம்பி வலைத் தடுப்பு செய்ய அளவு கேட்டு ஏற்கெனவே நான்கைந்து பேர் வந்து போனார்கள். வேனுக்கு வேன் அளவு மாறும் என்பதால் எழுதிக் கொடுக்க வழியில்லை. பார்த்துத்தான் செய்ய வேண்டும். எங்கள் வேன் மாலை நான்கு மணிக்கு மேல் கடை வாசலில்தான் நிற்கும். வெல்டிங் பட்டறைக்காரரையும் கூட அழைத்து வந்து பார்க்கலாம். ஞாயிறு கடை விடுமுறை.